இருபத்துநாலு மீன்களைப் பார்க்காதவர் தேவை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் இருப்பது ஒரு விலங்கியல் ஆராய்ச்சி நிலையத்தின் விருந்தினர் அறையில். வருஷத்துக்கு ஒருமுறை இங்கே இரண்டு கலைஞர்களை மூன்று மாதம் தங்க அழைக்கிறார்கள். அறை, சாப்பாடு, எங்காவது ஒரு மேசை. விஞ்ஞானிகளும் கலைஞர்களும் ஒரே கட்டடத்தில் புழங்கினால் ஏதாவது நடக்கும் என்பது திட்டம். என்ன நடக்கும் என்று திட்டத்தில் எழுதவில்லை. காலம் முடியும்போது ஒரு படிவம் தருவார்கள். அதன் நான்காம் பக்கத்தில் 'இக்காலத்தில் உருவான படைப்பு' என்று ஒரு கட்டம், தீப்பெட்டி அளவில். அதற்குள் எழுத வேண்டியதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தேன்.

முதல் ஆரம்பம்: பனிமூட்டத்தில் ரயில் வந்து நின்றபோது அவன் கையில் ஒரு பெட்டி மட்டுமே—

[விட்டுவிட்டேன். ரயில் கிடையாது, பஸ்ஸில் வந்தேன். கையில் பெட்டியோடு என் அக்கா திணித்துவிட்ட இரண்டு தலையணை உறைகளும் இருந்தன. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் எல்லாரும் ரயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்குத் தலையணை உறை கொடுத்துவிட அக்காக்கள் இல்லை போலிருக்கிறது.]

இரண்டாம் ஆரம்பம்: "மீன்களுக்கு ஞாபகம் உண்டா?" என்று அவள் கேட்டாள்.

[யாரும் அப்படிக் கேட்கவில்லை.]

மூன்றாம் ஆரம்பம்: எல்லாம் ஒரு பல்லால் வந்தது.

இது உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பல்லுக்கு வருவதற்கு முன் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும்.

ஒருவர் ஆய்வாளர். முப்பத்திரண்டு வயது. மூன்று வருஷமாக ஒரே கேள்வியோடு இருக்கிறார். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பில் கோடு போட்ட ஒரு சின்ன மீன் இனம். அதன் முதுகுத்தண்டில் காயம் பட்டால் தானாகவே ஆறி, மறுபடி நீந்தத் தொடங்கிவிடும். வயதான மீனுக்கு மட்டும் அது சரியாக ஆறுவதில்லை. ஒரு மருந்து கொடுத்தால் ஆறுமா? இதுதான் கேள்வி. இருபத்துநாலு வயதான மீன்கள், இருபத்துநாலு தொட்டிகள், மயக்கம் கொடுத்து ஊசிமுனை அளவு காயம். பன்னிரண்டு தொட்டிகளில் தினமும் மருந்து விழும், மற்றப் பன்னிரண்டில் வெறும் தண்ணீர். எந்தத் தொட்டியில் எது என்று அவருக்கே தெரியாது. தெரிந்தால் மருந்து குடித்த மீன் நன்றாக நீந்துவதுபோலவே கண்ணுக்குத் தோன்றும். அதனால் எண் ஒட்டிய புட்டிகளை நிரப்பித் தருவது ஸ்டோர்க்காரர். பட்டியல் அவருடைய இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கிறது. ஆய்வாளரின் வேலை ஒவ்வொரு மீனும் நீந்துவதை வீடியோ எடுத்து, பத்து வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண் போடுவது. மீனுக்கு இருபது துண்டு, மொத்தம் நானூற்றி எண்பது. அதை முடித்துப் பட்டியலைத் திறந்தால் ஆய்வேடு. உதவித்தொகைக் காலம் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் மூன்று வருஷமும் போச்சு, வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொருவர் ஓவியர். என்னோடு தங்க வந்தவர். நாற்பத்தைந்து வயது. ஓவியராவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு பெயின்ட் கம்பெனியில், நிற மாதிரி அட்டைகள் தயாரிக்கிற ஷேடு கார்டு பிரிவில் இருந்தார். நமக்கு வெள்ளையாகத் தெரிகிற சுவரை அவர் பதினோரு வெள்ளையாகப் பிரிப்பார். வந்த இரண்டாம் நாளே நிலையத்தில் எல்லாரும் அவரை 'ஷேடு அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கேன்டீனில் டீ டம்ளர்களை எடுத்து வைக்கும்போதுகூட டிகாக்‌ஷன் குறைந்ததிலிருந்து கூடினது வரை வரிசையாகத்தான் வைப்பார். அது கையோடு வந்துவிட்ட பழக்கம், தடுக்க முடியாது.

ஷேடு அக்காவுக்கு மீன் அறையில் மேசை கிடைத்தது. எனக்கு மேசை மிஞ்சவில்லை, நூலகத்தில் உட்கார வைத்தார்கள். அந்த வருத்தத்தில் நான் ஒருமுறைகூட மீன் அறைக்குள் போகவில்லை. இது பின்னால் பெரிய விஷயமாகப் போகிறது.

அவர்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. ஆய்வாளர் இன்னும் பட்டம் வாங்கவில்லை, ஆனாலும் ஷேடு அக்கா முதல் வாரத்திலிருந்தே அவரை 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம்கா, இன்னும் ஆகலை என்று அவர் சொல்ல, எப்படியும் ஆகத்தானே போறீங்க, முன்கூட்டியே கூப்பிட்டுப் பழகிக்கிறேன் என்று இவர் சொல்ல, சாயங்கால டீயின்போது தினமும் இது நடக்கும்.

[இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தால் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். மறைத்து வைத்து விளையாட எனக்கு மனம் வரவில்லை.]

3

இந்தப் பகுதியை நான் எழுதவே கூடாது. நான் அங்கே இல்லை.

ஏழாவது வாரம் எனக்குக் கடைசிக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். அறிவுப் பல் என்று அதற்கு ஏன் பேர் வைத்தார்களோ. இரண்டு நாள் வலது கன்னம் பன் மாதிரி வீங்கி, அறையை விட்டு வெளியே தலைகாட்டவில்லை. அந்த இரண்டு நாளில்தான் ஷேடு அக்கா தன் படங்களைக் கேன்டீனுக்குப் போகிற காரிடாரில் மாட்டினார். ஏழு வாரமாக வரைந்த இருபத்துநாலு மீன்கள், நீர்வண்ணத்தில். ஒவ்வொன்றின் கீழும் தொட்டி எண்ணை அழகாக எழுதியிருந்தார். ஆய்வாளருக்குச் சொல்லவில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

சுவரில் இருபத்துநாலு படங்கள். மேல் வரிசையில்—

[தெரியாது. இந்த வரியை எழுதும்போது நான் அந்தப் படங்களைப் பார்த்திருக்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உத்தரவு.]

நடந்ததைக் கேட்டதை வைத்துச் சொல்கிறேன்.* ஆய்வாளர் கண்ணைத் திறந்தார். சிரித்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பத்துக்குப் போனார். ஷேடு அக்கா, அவருக்குப் பிடித்துப்போய்தான் திரும்பப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போயிருக்கிறார்.

"இதை எப்படிக்கா அடுக்குனீங்க?"

"அடுக்கவெல்லாம் இல்ல. கலரைப் பார்த்து வச்சேன், அவ்ளோதான். மேல இருக்கிற பன்னிரண்டும் வால் ஓரத்துல லேசா பொன் அடிக்குது. கீழ உள்ளது நீலத்துல போகுது. சேர்த்து வச்சா கண்ணை உறுத்துச்சு, பிரிச்சுட்டேன்."

"பன்னிரண்டு, பன்னிரண்டா?"

"எண்ணிப் பாருங்க டாக்டரம்மா."

மருந்தின் நிறம் இளமஞ்சள். தொட்டியில் கலந்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. ஆறு வாரம் அதில் நீந்திய மீனின் வாலில் ஏறியிருந்த ஒரு துளி மஞ்சள், ஷேடு கார்டில் கண் தேய்ந்த ஒருவருக்குத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பூட்டிய அலமாரிக்குள் இருந்த பட்டியலை அவர் கலர் பார்த்தே சுவரில் எழுதிவிட்டார்.

ஆய்வாளர் காரிடார் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அப்போது அவர் மதிப்பெண் போட்டு முடித்திருந்தது நூற்றித் தொண்ணூறு துண்டுகள்.

* சொன்னது கேன்டீன்காரர். கையில் டீ டிரேயோடு அங்கேயே நின்றிருக்கிறார். ஆய்வாளருக்கு மயக்கம் என்று நினைத்து ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்திருக்கிறார்.

4

கதை எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு ஆசை வரும். ஆய்வாளர் கத்த வேண்டும். 'உங்களை யாரு இங்க வரச் சொன்னது' என்று ஒரு வரி. நானும் அதை எழுதிப் பார்த்தேன். ஷேடு அக்காவை உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமை பிடித்தவராக்கி ஒரு வரைவும் எழுதினேன். வாசிக்க விறுவிறுப்பாக இருந்தது. மறுநாள் காலையில் கேன்டீனில் ஷேடு அக்காவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தத் தாளை மடித்து மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன்.

ஆய்வாளர் கத்தவில்லை. இன்னொன்றும் செய்யவில்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டு மிச்சத் துண்டுகளுக்கு மதிப்பெண் போட்டிருக்கலாம். ஷேடு அக்காவுக்கு என்ன நடந்தது என்றே இரண்டு மணி நேரம் புரியவில்லை. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அன்று மத்தியானமே அவர் தன் கைடிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கைடு நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்கிற கஷ்டமான விஷயத்தைச் சொன்னார். புதிதாக ஒருவர் முதலிலிருந்து எல்லாத் துண்டுகளுக்கும் மதிப்பெண் போட வேண்டும். துண்டுகளின் எண்களை மாற்றிக் கலைத்துவிட வேண்டும். அந்த ஆள் மீன்களையும் பார்த்திருக்கக் கூடாது, சுவரையும் பார்த்திருக்கக் கூடாது. துண்டுகளைக் கலைத்து நானே போடக் கூடாதா சார் என்று ஆய்வாளர் கேட்டாராம். கேட்டவரே பதிலும் சொல்லிக்கொண்டார். எப்படிக் கலைத்தாலும் எந்த மீன் எப்படித் திரும்பும் என்று மூன்று வருஷப் பழக்கத்தில் அவருக்குத் தெரிந்துவிடும்.

சாயங்காலம் ஷேடு அக்கா படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"நான் அடுக்குனது தப்பாம்மா?"

"அடுக்குனது சரிக்கா. அதான் பிரச்சனை."

மொத்த நிலையமும் சாப்பிடப் போகிற வழியில் அந்தச் சுவரைப் பார்த்திருந்தது. கைடு பார்த்திருந்தார். தோட்டக்காரர் பார்த்திருந்தார். தவளைச் சத்தம் பதிவு செய்கிறவர்கள், வெளியூரிலிருந்து வந்த தணிக்கையாளர், எல்லாரும். மீன் அறைக்குள் போகாமல், காரிடாருக்கும் வராமல், கன்னத்தில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவன் ஒரே ஒருவன்தான்.

மூன்றாம் நாள் அறைக் கதவைத் தட்டி, ஆய்வாளர் முதலில் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் ஐஸ்கிரீமை எதிர்பார்த்தேன்.

5

கம்ப்யூட்டர் அறையில் ஜன்னலுக்கு முதுகு காட்டி ஒரு நாற்காலி. துண்டுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், நிறம் தெரியாது. அசையாமல் கிடந்தால் பூஜ்யம். முன்பக்கம் மட்டும் துடித்தால் ஒன்று. நீந்தினாலும் வால் இழுபட்டால் இரண்டு. சாய்ந்து நீந்தினால் மூன்று. சாதாரணமாகப் போனால் நாலு. மொத்தம் அறுநூறு துண்டுகள் என்றார். நானூற்றி எண்பது எப்படி அறுநூறு ஆனது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கணக்கு அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு நாற்பதுக்கு மேல் பார்க்கக் கூடாது, கண் சலித்துவிடும் என்றார். சலிக்கவே இல்லை. முதல் வாரத்தில் எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஏதாவது முடிவு பண்ண வேண்டும். இங்கே பார்க்க வேண்டும், எண்ணைச் சொல்ல வேண்டும், அடுத்தது.

ஷேடு அக்கா பக்கத்து அறையில் ஆய்வாளருக்கு உதவியாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு வரைய எதுவும் இல்லை. படங்கள் அவருடைய அறையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன. சாயங்காலம் டீயோடு வந்து, மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார். என் கன்ன வீக்கம் ஊதாவிலிருந்து எந்த மஞ்சளுக்கு வந்திருக்கிறது என்பது உட்பட. ஒருநாள் எழுந்து போகும்போது, "எல்லாரும் பார்த்தாங்க தம்பி, யாரும் படமாப் பார்க்கலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

முந்நூறு துண்டுகள் தாண்டிய சமயத்தில் ஒரு மீனை எனக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்தது.

அது எது என்பதற்கான குறியை நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நீங்கள் அதைத் தேடத் தொடங்கிவிடுவீர்கள்.

இவ்வளவு சொல்லலாம். அது நன்றாக நீந்தவில்லை. நீந்த முயன்றது. மற்ற மீன்கள் முடியாதபோது சும்மா இருந்தன. இது ஒவ்வொரு துண்டிலும் புதிதாக ஆரம்பித்தது, நேற்று நடந்தது எதுவும் தனக்குத் தெரியாது என்பதுபோல. நான் அதற்கு ஒரு வீடு கொடுத்தேன். அதன் பக்கத்துத் தொட்டியில் மீனைத் திட்டிக்கொண்டே இருக்கும் ஒரு அண்ணியைக் கொடுத்தேன். அது ஒரு காலத்தில் நல்ல நீச்சல்காரன் என்றும், இப்போது யாரும் பார்க்காத நேரத்தில் பயிற்சி செய்கிறது என்றும்—

[போதும். இதுதான் தப்பு. எழுதுகிறவனைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு.]

6

இரண்டு நாள் கழித்து என் அக்கா போன் பண்ணினாள். பல் எப்படி இருக்கு, தலையணை உறையைத் துவைத்தாயா என்பதெல்லாம் முடிந்த பிறகு, இப்போது என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். எழுதவில்லை, மீன் நீந்துவதற்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.  உடனே அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, மாமாவைக் கூப்பிட்டு, இதை மறுபடி சொல்லச் சொன்னாள்.

"நீயா? டேய், சீட்டு விளையாடும்போது உன்னை ஸ்கோர் எழுத உக்கார வச்சா, தோக்குறவங்களுக்கு ரெண்டு ரெண்டு சேர்த்து எழுதுவியேடா."

மாமா பின்னாலிருந்து, தான் வாழ்க்கையில் ஜெயித்த ஒரே ஆட்டம் மச்சான் ஸ்கோர் எழுதியதுதான் என்றார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன்.

அந்த மீனுக்கு முதல் வாரத்தில் நான் போட்டிருந்தது ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஒன்று. இந்த வாரம் இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு. இடையில் மீன் தேறியிருக்கலாம் என்று நினைக்க எனக்கு ஆசை. ஆனால் துண்டுகள் கலைத்தவை. வாரக்கணக்கு எனக்குத்தான், மீனுக்கு இல்லை. தேறியிருந்தது நான் அதன்மேல் வைத்த பிரியம்.

ஐநூற்றி அறுபதாவது துண்டில் இருந்தேன். இன்னும் நாற்பதுதான். ஒரு நாள் வேலை.

7

போய்ச் சொல்வதற்குப் பதிலாக அன்று முழுக்க இந்தக் கதைக்கு முடிவுகள் எழுதிக்கொண்டிருந்தேன்.

முடிவு அ. அவன் சொல்லவில்லை. மிச்ச நாற்பதையும் கறாராகப் போட்டு முடிக்கிறான். பட்டியல் திறக்கப்படுகிறது. மருந்து வேலை செய்கிறது. எல்லாரும் கைதட்ட, ஷேடு அக்கா 'டாக்டரம்மா' என்று கூப்பிட, இந்தமுறை அவர் மறுக்கவில்லை.

[எழுதினதிலேயே இதுதான் நன்றாக வந்தது.  ஆனால் அந்தக் கைதட்டலுக்குள் நான் இரக்கப்பட்டுப் போட்ட சில எண்கள் இருக்கும். நாளைக்கு வேறு எங்கோ ஒரு டாக்டர் அந்த ஆய்வேட்டைப் படித்து, முதுகில் அடிபட்ட ஒரு மனிதரிடம் நம்பிக்கையாக ஏதோ சொல்வார்.]

முடிவு ஆ. மறுநாள் காலை அந்த மீன் நேராக நீந்துகிறது.

[இதைக் கிழித்துவிட்டேன்.]

முடிவு இ. அவன் பஸ் ஏறி—

[தலையணை உறைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.]

8

மறுநாள் காலையில் ஆய்வாளர் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற தொட்டியடியில் மீன் வலைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீளமான பேச்சு, பாதியில் அறுந்த வாக்கியமாக வந்தது.

"மேடம், நான் ஒரு மீனுக்குக் கூட்டிப் போட்டிருக்கேன்."

அவர் குழாயை மூடினார்.

"தெரியும்."

அறுநூற்றில் நூற்றி இருபது திரும்ப வந்தவை. ஒவ்வொரு மீனுக்கும் ஐந்து துண்டுகளை எண் மாற்றி இரண்டாம் தடவை எனக்குக் காட்டியிருக்கிறார். மார்க் போடுகிற ஆளுக்கும் மார்க் போட வேண்டும் அல்லவா, இது அவர்கள் வழக்கம். அந்த நூற்றி இருபதும் ஏற்கெனவே எனக்கு வந்து முடிந்திருந்தன, அதில் பதினோரு இடத்தில் எண் மாறியிருந்தது. ஆறு அங்கொன்று இங்கொன்று, ஏறியும் இறங்கியும். அது எல்லாருக்கும் வருவது. மிச்ச ஐந்தும் ஒரே மீன். ஐந்தும் ஏறியிருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் பார்த்தாராம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களாக வருகிறீர்களா என்று பார்த்தேன் என்றார். வந்திருக்காவிட்டால்? வலையை உதறினார். வராவிட்டாலும் உங்கள் எண்களை எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன், ஆனால் உங்களோடு டீ குடிக்கக் கஷ்டமாக இருந்திருக்கும் என்றார்.

அந்த ஒரு மீனை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாதா என்று கெஞ்சினேன். அது எவ்வளவு தப்பான கேள்வி என்று எனக்கு அப்போது புரியவில்லை.

"அது எந்தப் பக்கத்து மீன்னு எனக்குத் தெரியுமே, ரைட்டர். இப்ப அதை எடுத்தாலும் எனக்குப் பிடிச்ச காரணத்துக்காக எடுத்த மாதிரி ஆகும், வச்சாலும் அப்படித்தான்."

 வலைகளை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டினார். கடைசி வலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அதான். காலையில லைட் போட்டதும் கண்ணு நேரா அந்தத் தொட்டிக்குத்தான் போகும். நான் போட்ட நூத்தித் தொண்ணூறையும் எடுத்துப் பார்த்தா என்ன இருக்குமோ. பார்க்கப் பயமா இருக்கு."

[இந்த இடத்தில் அவர் அழுததாக ஒரு வரி எழுதினேன். அழவில்லை. ஈரக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். சளி பிடித்திருந்தது.]

அவருடைய உதவித்தொகைக் காலம் முடிய இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. மறுபடி முதலிலிருந்து, மறுபடி புதிதாக ஒரு ஆள். அவருடைய தம்பி, அப்பா, கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு சமயம் மீன் அறைக்கு வந்திருக்கிறார்கள். கைடின் மனைவிகூட ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உங்களுக்கு யாராச்சும் தெரியுமா? மீனைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவங்க. பொறுமையா ஒரு இடத்துல உக்காருறவங்க. யாரும் சொல்லாததை தானா சேர்த்துக்காதவங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

9

இனி எனக்குத் தடை இல்லை. ஆட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டவன் எதையும் பார்க்கலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஷேடு அக்காவின் அறைக் கதவைத் தட்டி, படங்களைக் காட்டுங்கள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். என் விஷயம் அவர் காதுக்கு வந்திருந்தது. அப்ப நீயும் நம்ம கட்சிதானா என்றார். கட்டிலை ஓரமாகத் தள்ளினோம். தரையைப் பெருக்கி, பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாக வைத்தார். சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஐந்தாவது படத்திலேயே கை தானாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. நான் சொல்லவில்லை. வைத்து முடித்தபோது மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு.

எனக்கு எதுவும் பொன்னாகத் தெரியவில்லை. நீலமும் தெரியவில்லை. எனக்கு மீன்கள்தான் தெரிந்தன. ஏழு வாரமாக ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருத்தி உட்கார்ந்து, இது எப்படித் திரும்புகிறது, இதன் கண் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. சாம்பல் நிறத் திரையில் எனக்குப் பழகிய உடம்புகள் இங்கே மூச்சு விட்டன. முட்டி போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது ஷேடு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் நல்லாருக்கா?"

நல்லாருக்கு என்றேன். வேறு சொல் வரவில்லை, எழுத்தாளன் என்று பேர். அவருக்கு அது போதுமாக இருந்தது. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

என் மீனும் அங்கே இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. எந்த வரிசையில் என்றும் பார்த்துவிட்டேன். மருந்து குடித்தும் தேறாத மீனா அது, மருந்தே கிடைக்காத மீனா என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்த ஒன்று தெரிந்ததுமே அதன் கதை முழுக்க மாறிவிட்டது. அண்ணி உட்பட.

உங்களிடம் சொல்லத் துடிக்கிறது. இந்தக் கதையின் உண்மையான முடிவு அந்த ஒரு வரிதான், எழுதியும் வைத்திருக்கிறேன்:

அந்த மீன்—

[இல்லை.]

10

இல்லை, ஏனென்றால் யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் காரிடாருக்கு வரவில்லை. தொட்டிகளைப் பார்த்ததில்லை. எங்கள் மூன்று பேரையும்கூட என் வாய்வழியாகத்தான் தெரியும். பொறுமை இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். ஆய்வாளரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். கதை படிக்கிறவர் என்றால் யோசனையாக இருக்கிறது என்றார். நான் எதையும் கெடுக்கவில்லை, சொல்லக் கூடாததைச் சொல்லவில்லை என்று உறுதி கொடுத்தேன். சரி, வரச் சொல்லுங்கள் என்றார்.

காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். வாசலில் ஷேடு அக்கா நிற்பார். உங்கள் சட்டையின் நிறத்துக்கு நீங்கள் கேள்விப்படாத ஒரு பேர் சொல்வார், கண்டுகொள்ள வேண்டாம். கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போவார். நான் கதவுக்கு வெளியே இருப்பேன், உள்ளே வர எனக்கு அனுமதி இல்லை. ஆய்வாளர் பக்கத்து அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நீங்கள் சொல்வது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று அவர் முகத்தில் தேடாதீர்கள், திரும்ப மாட்டார்.

நீங்கள் பிரியம் வைப்பீர்கள். வைக்காமல் இருக்க முடியாது என்று மூன்று பேர் நிரூபித்துவிட்டோம். வைத்துக்கொள்ளுங்கள், எண்ணில் மட்டும் சேர்க்காதீர்கள். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் வெளியே வரும்போது சொல்லுங்கள், நான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

நாற்காலியை உங்கள் உயரத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்துங்கள்.

சாம்பல் நிறத் தண்ணீர். இடது ஓரத்திலிருந்து ஒரு மீன் வருகிறது.

பத்து வினாடி.

எத்தனை?